பழைய 407-ஐ கார் தூக்கும் வண்டியாக்கிய பிறகு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை 2017-இல் தார்ச்சாலை திறந்ததிலிருந்து இந்தக் கரையில் கார் தூக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. படம் எடுக்கும் ஆசையில் தார் விளிம்பைத் தாண்டி மணலில் இறக்கிப் புதைக்கிறவர்கள் ஒரு பக்கம். ஏர்வாடிக்கும் தேவிபட்டினத்துக்கும் நெடுந்தூரம் ஓட்டி வந்து கிளட்ச் தீய்ந்து நிற்கிறவர்கள் இன்னொரு பக்கம். புது ரெக்கவரி வண்டி வாங்க வசதியில்லாத பட்டறைக்காரர்கள், மீன் பெட்டியும் கரி மூட்டையும் சுமந்து ஓய்ந்த டாடா 407 சிறு லாரியைப் பிடித்து, பாடியைக் கழற்றி, கார் ஏற்றும் தளம் கட்டிவிடுகிறார்கள். 1986-இல் வந்த வண்டி அது. நாலு சிலிண்டர் டீசல், பின்னால் இரட்டைச் சக்கரம், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். இந்த வேலைக்கு இதைவிடத் தோதான பழைய வண்டி இல்லை என்பது என் கட்சி. மெட்டாடர் வேன் மேல் பிரியம் உள்ளவர்கள் சண்டைக்கு வரலாம். ஒரு பொலிரோவைச் சுமக்க அதற்கு முதுகு போதாது.

கட்டி முடித்துத் தொழிலுக்கு இறக்கிய பிறகுதான் கோளாறுகள் தலைகாட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாகத்தை மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் போகும், கோளாறு போகாது. இப்படி மாற்றிக் கட்டிய வண்டியில் வரும் தொல்லை பெரும்பாலும் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, எடை தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால், புகக்கூடாத இடத்தில் உப்பு புகுந்திருக்கும். இந்த இரண்டையும் விலக்கிவிட்டு அப்புறம் பாகத்தில் கைவையுங்கள்.

ஸ்பேனர் எடுக்குமுன் எடைமேடை

உப்பு, கரி, நெல் என்று எடை போட்டு விற்கும் ஊர்கள் இவை. எடைமேடை பக்கத்திலேயே இருக்கும். மூன்று சீட்டு வாங்குங்கள். காலி வண்டியின் முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒன்று. நீங்கள் வழக்கமாக ஏற்றும் காரை ஏற்றி அதே போல முன்சக்கரம் மட்டும் ஒன்று. கார் ஏற்றிய முழு வண்டிக்கு ஒன்று. மூன்றாவது எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். அதைத் தாண்டியிருந்தால் கீழே உள்ளதைப் படித்துப் பயனில்லை, சிறிய கார்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். கனமான சானலும் தடித்த செக்கர் பிளேட்டும் போட்டுத் தளம் கட்டியவர்கள் இந்தச் சீட்டைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். தளமே அரை கார் எடை இருக்கும்.

கார் ஏற்றியதும் ஸ்டியரிங் லேசாகிறது, ஹெட்லைட் மேலே பார்க்கிறது

இதை ஸ்டியரிங் பாக்ஸ் கோளாறு என்று நினைத்துப் பிரிப்பவர்கள் அதிகம். பாக்ஸில் ஒன்றும் இருக்காது. காரின் எடை பின் அச்சுக்குப் பின்னால் போய், முன்பக்கத்தைத் தூக்குகிறது.

கணக்கு எளிது. வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம், 3 மீட்டர் என்று வைப்போம். 1,500 கிலோ கார். அதன் எடை மையம் பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் நின்றால், முன்சக்கரத்திலிருந்து 300 கிலோ கழியும். அதே காரை முன்னால் தள்ளி, எடை மையம் பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் வரும்படி நிறுத்தினால் முன்சக்கரத்தில் 150 கிலோ கூடும். 90 சென்டிமீட்டர் நகர்த்தியதில் முன்சக்கரத்தில் 450 கிலோ வித்தியாசம். எந்த ஸ்பிரிங் பட்டையும் எந்த ஸ்டியரிங் பாகமும் இந்த வித்தியாசத்தைத் தராது.

எடைமேடைச் சீட்டில் கார் ஏற்றிய பின் முன்சக்கர எடை, காலி வண்டியில் இருந்ததைவிடக் குறைந்திருந்தால் அதுவே எச்சரிக்கை. கொஞ்சம் குறைவது பொறுக்கலாம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த வண்டியை நான் பாம்பன் பாலத்துக்கு அனுப்பமாட்டேன். 1988-இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று பக்கவாட்டில் அறையும். தளத்தின் மேல் உயரமான ஒரு இன்னோவா, கீழே லேசான முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை எங்கே பிடித்தாலும் வண்டி தன் வழிக்குப் போகும். போதாததற்கு, பாலத்தின் நடுவில் கடல் பார்க்க வண்டியை நிறுத்துகிற கூட்டம் வேறு.

சரிசெய்ய மூன்று படி. முதலில் தளத்தில் முன்சக்கரத் தடுப்பை முடிந்தவரை கேபினை ஒட்டி நகர்த்துங்கள். நிறையப் பேர் வின்ச்சை (கயிற்றை உருளையில் சுற்றிக் காரை இழுக்கும் கருவி) தளத்தின் முன்முனையில் தரையோடு பதித்து இடத்தை வீணடிக்கிறார்கள். வின்ச்சைக் கேபின் பின்னால் உள்ள தடுப்புச் சட்டத்தில் உயர்த்திப் பொருத்தினால் காரின் பம்பர் அதற்குக் கீழே நுழையும்.

இரண்டாவது, காரை எந்தப் பக்கமாக ஏற்றுகிறீர்கள் என்று பாருங்கள். முன்சக்கரம் ஓட்டும் சின்னக் கார்களில் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்சக்கரத்தில் இருக்கும். 1,000 கிலோ காரை மூக்கு முன்னால் வைப்பதற்கும் வால் முன்னால் வைப்பதற்கும், மேலே சொன்ன வீல்பேஸில், முன்சக்கர எடையில் சுமார் 160 கிலோ வித்தியாசம் வரும். தனுஷ்கோடியில் கடலைப் பார்த்து மூக்கை நுழைத்துப் புதைந்த காரை வாலைப் பிடித்துத்தான் இழுக்க முடியும். அப்படியே தளத்திலும் ஏற்றிவிட்டால் இஞ்சின் பின்னால் தொங்கும். சோம்பல்படாமல் தார்ச்சாலையில் இறக்கி, திருப்பி, மூக்கை முன்னால் விட்டு ஏற்றுங்கள். கால் மணி நேர வேலை.

மூன்றாவது, தளத்தின் நீளம். பின் அச்சின் நடுவிலிருந்து வண்டியின் கடைசி முனை வரை உள்ள நீட்டம் வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. 3 மீட்டர் வீல்பேஸுக்கு 1.8 மீட்டர். தாண்டியிருந்தால் வாலை வெட்டியாக வேண்டும், இல்லை நீளமான வீல்பேஸ் உள்ள சேசிஸை (வண்டியின் அடிச்சட்டம்) தேட வேண்டும். குட்டைச் சேசிஸில் ஸ்கார்பியோ ஏற்ற ஆசைப்படாதீர்கள். இதோடு இன்னொன்று: பாடி மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. எஃப்.சி.க்குப் போய் நின்று மாட்டிக்கொள்வதைவிட, இரும்பை வெட்டுமுன் வரைபடத்தோடு போய்க் கேட்டுவிடுவது மலிவு.

காலியாக ஓடும்போது குதிக்கிறது. ஏற்றினால் ஒரு பக்கம் சாய்கிறது

குதிப்புக்குக் காரணம் கூடுதலாகச் சொருகிய பட்டைகள். ஏற்றினால் பின்பக்கம் அமுங்குகிறது என்று பட்டை சேர்ப்பது ராமநாதபுரம் பட்டைக்கடைகளில் அன்றாட வேலை. ஆனால் பட்டை சேர்த்தால் வண்டி நிமிரும், அச்சின் தாங்குதிறன் கூடாது. அந்த எடை அச்சின் ஹவுசிங்குக்கும் (வெளி உறை) பேரிங்குக்கும் போய்ச் சேரும். எடை முன்னால் நகர்ந்த பிறகும் அமுங்கினால் மட்டும், ஏற்றும்போது மட்டுமே வேலை செய்கிற மேல் துணைப் பட்டையைப் பாருங்கள்.

ஒரு பக்கச் சாய்வுக்கு, பட்டைகளை அச்சோடு கட்டும் யூ போல்ட்டைக் கழற்றி, பட்டைகளின் நடுவே ஊடுருவும் சென்டர் போல்ட் முறிந்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. பட்டைகளுக்கு நடுவே துரு ஊறி உப்பியிருந்தால் அந்தப் பக்கம் விறைத்து நிற்கும், எதிர்ப்பக்கம் சாய்ந்ததாகத் தெரியும். நல்ல பக்கத்தைக் கெட்டது என்று கழற்றிவிடாதீர்கள். ஹைட்ராலிக் டேங்க், பேட்டரி, கருவிப் பெட்டி மூன்றையும் ஒரே பக்கம் மாட்டிய வண்டியும் சாயும், அதற்குப் பட்டை என்ன செய்யும்.

கார் ஏற்றினால் கேபின் கதவு இறுகுகிறது

சின்னத் தொல்லையாகத் தெரியும். அலட்சியம் வேண்டாம், சேசிஸ் முறுக்கிக்கொள்கிறது என்று வண்டி சொல்கிற முதல் சேதி இதுதான். லாரிச் சேசிஸ் மேடு பள்ளத்தில் கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும்படியே செய்யப்பட்டது. அதன் மேல் விறைப்பான தளச் சட்டத்தை முன்முனையில் இறுக்கிக் கட்டிவிட்டால், முறுக்கு முழுவதும் தளம் முடிந்து கேபின் தொடங்கும் அந்த ஒரு சாண் இடத்தில் விழும். கதவு இறுகுவதும் அதனால்தான், கொஞ்ச நாளில் அங்கே கீறல் விடுவதும் அதனால்தான்.

சோதிக்க, கார் ஏற்றிய வண்டியின் ஒரு பின்சக்கரத்தை ஒரு கட்டை மேல் ஏற்றி நிறுத்துங்கள். தளச் சட்டத்தின் முன்முனைக்கும் சேசிஸுக்கும் நடுவே இடைவெளி துளியும் திறக்கவில்லை, ஆனால் கதவு இறுகுகிறது என்றால் முன் இணைப்பு அளவுக்கு மேல் விறைப்பு. முன்முனையில் மட்டும் சுருள் ஸ்பிரிங் வைத்த போல்ட்டுகள் போடுங்கள், பின்னால் தகடு வைத்து இறுக்குங்கள். தளச் சட்டத்தின் முன்முனையைச் செங்குத்தாக வெட்டி நிறுத்தாமல், அடிப்பக்கம் சரிவாகச் சீவி விட்டால் எடை ஒரே கோட்டில் விழாது.

கீறல் விழுந்தே விட்டதா? அது எங்கிருந்து தொடங்கியது என்று பாருங்கள். பெரும்பாலும் சேசிஸின் மேல் அல்லது கீழ் இதழில் (சானலின் மடிந்த விளிம்பு) யாரோ வைத்த வெல்டிங்கிலிருந்து கிளம்பியிருக்கும். எதையும் பொருத்துவதற்காக அந்த இதழ்களில் வெல்டும் வைக்கக்கூடாது, துளையும் போடக்கூடாது. தகடு பொருத்துவதானால் சேசிஸின் நடு முகத்தில் துளையிட்டு போல்ட் போட வேண்டும். கீறலின் நுனியைத் தேடி அங்கே ஒரு சின்னத் துளை இட்டு அது மேலே ஓடாமல் நிறுத்துங்கள். பிறகு கீறலை அரைத்துத் திறந்து முழு ஆழத்துக்கு வெல்ட் வைத்து, மட்டமாக அரைத்து, உள்ளே துணைச் சானலை போல்ட்டில் கட்டுங்கள். வெல்டிங் கம்பியைத் தொடுமுன் பேட்டரியின் இரண்டு கேபிளையும் கழற்றிவிட வேண்டும்.

கீறலே இல்லாமல் சேசிஸ் தேய்ந்து போவதும் உண்டு. காரைக்குடி சிக்ரி மின்வேதியியல் ஆய்வகம் துருச் சோதனைக்கு உலோகத் தகடுகளைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்த இடம் நம் மண்டபம். காற்றே அப்படி. அதற்கு மேல் கடல்நீரில் நின்ற காரை ஏற்றினால், அதன் கதவிலிருந்தும் டிக்கியிலிருந்தும் வழிகிற உப்புத் தண்ணீர் நேராகச் சேசிஸ் சானலுக்குள் இறங்கி, அங்கே சேர்ந்து கிடக்கும் மணலில் ஊறும். சேசிஸுக்கும் தளத்துக்கும் நடுவே வைத்த மரக்கட்டையும் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சின்னச் சுத்தியலால் அடிப்பக்கம் முழுதும் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று கேட்கிற இடம் இரும்பு. மொத்தென்று கேட்கிற இடத்தைச் சுரண்டிப் பாருங்கள்.

தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும் என்பார்கள். எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. கரையோரப் போர் தண்ணீர் பல இடத்தில் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் கழுவினால் ஒரு உப்பை எடுத்து இன்னொரு உப்பைப் பூசியதாகத்தான் ஆகும். காவிரிக் குடிநீர் குழாயில் வரும் நாளில் ஒரு பீப்பாய் பிடித்து வைத்து, கடைசி அலசல் மட்டுமாவது அதில் செய்யுங்கள். எடை குறையட்டும் என்று இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போட்டவர்கள் போல்ட் துளைகளைப் பாருங்கள்: வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அலுமினியம் கரைகிறது. நடுவே ரப்பரோ நைலானோ வைத்து இரண்டு உலோகத்தையும் பிரிக்க வேண்டும். படகுக் கடையில் கிடைக்கிறதே என்று எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட் போட்டால் அந்தப் பொடி இன்னும் வேகமாக உதிரும்.

ஏற்றும்போது காரின் பம்பர் இடிக்கிறது, அல்லது நடுவயிறு தட்டுகிறது

இரண்டும் வேறு வேறு கோளாறு. பம்பர் இடித்தால் சரிவு செங்குத்து. 90 சென்டிமீட்டர் உயரத் தளத்துக்கு 2.4 மீட்டர் ரேம்ப் போட்டால் சரிவு 22 டிகிரி வரும். சின்ன செடான் கார்கள் அதில் மூக்கை உரசாமல் ஏறாது. 11 டிகிரிக்கு இறக்க 4.7 மீட்டர் வேண்டும். அத்தனை நீள ரேம்பைச் சுமக்க முடியாது என்பதால்தான் தளமே சாய்ந்து பின்னால் நகரும்படி கட்டுகிறோம். சாயாத தளம் என்றால், கடைசி ஒரு மீட்டர் அளவைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினால் பாதித் தொல்லை தீரும். அவசரத்துக்கு, ரேம்பின் அடிமுனைக்கு முன்னால் நீளப் பலகையைக் கட்டை கொடுத்து வைத்து மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி ஏற்றலாம். பனைமரத் துண்டு இதற்கு அருமையான கட்டை, நசுங்காது.

வயிறு தட்டினால் ரேம்பும் தளமும் சேரும் முனைதான் குற்றவாளி. அங்கே கோணத்தை ஒரே மடிப்பில் திருப்பாமல் இரண்டு மடிப்பாகப் பிரிக்க வேண்டும். வீல்பேஸ் நீண்ட கார்களுக்கு இது அதிகம் நேரும்.

வின்ச் முனகுகிறது, இழுக்கவில்லை

வின்ச் வாங்கிய கடையைத் திட்டுமுன் இரண்டு கேள்வி. எவ்வளவு கயிறு உருளையில் சுற்றியிருக்கிறது? 4,300 கிலோ என்று மேலே எழுதியிருப்பது உருளையின் முதல் சுற்று அடுக்குக்கு மட்டும். அடுக்கு ஏற ஏற இழுவை குறையும். கயிற்றைக் கூடுதலாக வெளியே எடுத்து, கப்பி போட்டு மடக்கி இழுத்தால் வின்ச் மேல் விழும் சுமை ஏறக்குறையப் பாதியாகும். இரண்டாவது கேள்வி, கார் எதில் நிற்கிறது? 15 டிகிரி சரிவில் உருளும் 1,500 கிலோ காருக்குச் சுமார் 420 கிலோ இழுவை போதும். அச்சு வரை மணலில் புதைந்த அதே காருக்குக் காரின் எடைக்கு நிகராகவோ அதற்கு மேலோ வேண்டியிருக்கும். மண்வெட்டி எடுத்துச் சக்கரங்களுக்கு இழுக்கும் பக்கமாகச் சரிவாக வெட்டி விட்டுவிட்டு இழுங்கள். பாதி வின்ச்சுகள் மண்வெட்டிச் சோம்பலில்தான் எரிகின்றன.

இரண்டும் சரி, இன்னும் முனகல் என்றால் மல்டிமீட்டர். 12 வோல்ட் வின்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரை உறிஞ்சும். வழியில் ஐந்து மில்லி ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். ஐந்து மில்லி ஓம் என்பது உப்பேறிய ஒரே ஒரு லக் (கேபிள் நுனியில் பிழியும் உலோக முனை). சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள், எல்லாம் வின்ச் இழுத்துக்கொண்டிருக்கும்போது:

பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்தது அல்லது சார்ஜ் இல்லை. பழைய வண்டியின் ஆல்டர்னேட்டர் 400 ஆம்பியருக்குப் பக்கத்தில்கூட வராது, இழுப்பதெல்லாம் பேட்டரிதான்; இஞ்சினைக் கொஞ்சம் உயர்த்தி ஓடவிட்டு, இழுப்புக்கு இழுப்பு ஓய்வு கொடுங்கள்.

பேட்டரி நன்றாக நிற்கிறது என்றால், மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதை வின்ச் பாசிட்டிவிலும் வையுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவுக்கும் வின்ச் உடம்புக்கும் நடுவே. இரண்டில் எது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதோ அந்தப் பக்கம் கோளாறு. இந்தக் கரையில் பத்துக்கு எட்டு நெகட்டிவ் பக்கம்தான். வின்ச்சுக்கு எர்த் தளச் சட்டத்தில் எடுத்திருப்பார்கள். தளத்துக்கும் சேசிஸுக்கும் நடுவே மரக்கட்டை, துருப்பிடித்த கீல் ஆணி, கிரீஸ். எர்த்தைத் தனிக் கேபிளாகப் பேட்டரி வரை கொண்டு போவது ஒன்றே வழி. பாசிட்டிவ் எவ்வளவு தடிமனோ எர்த்தும் அவ்வளவு தடிமன்.

பழைய கேபிளை ஒட்டுப் போடுமுன் உறையை ஒரு விரல்நீளம் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் உப்பு உள்ளே ஏறிவிட்டது, முழுக் கேபிளும் போனது. புது லக்கைச் சுத்தியலால் தட்டாமல் பிழியும் கருவியால் பிழிந்து, பசையுள்ள சுருங்கு குழாய் மூடி, மேலே வாசலின் தடவுங்கள். மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் படகுக்கு வயரிங் செய்பவர்கள் வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள் போடுவதுண்டு. கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள்.

கடகடவென்று சத்தம் மட்டும் வந்து உருளை சுற்றவில்லை என்றால் சோலினாய்டுக்கு (வின்ச்சுக்கு மின்சாரம் விடும் காந்தச் சுவிட்ச்) வோல்ட் போதவில்லை அல்லது அதன் முனைகள் கருகியிருக்கின்றன. பொத்தானை விட்ட பிறகும் வின்ச் ஓடிக்கொண்டே இருந்தால் சோலினாய்டு ஒட்டிக்கொண்டது. கார் தடுப்பில் ஏறிக் கயிறு தெறிக்கும் அபாயம். கைக்கெட்டும் இடத்தில் ஒரு மெயின் கட்-ஆஃப் சுவிட்ச் இல்லாத வின்ச்சை இயக்கவே கூடாது. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் கனமான ஈரச்சாக்கு ஒன்றைப் போடுங்கள், அறுந்தாலும் வீச்சு குறையும். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விரட்டுங்கள்.

தளம் மெதுவாக ஏறுகிறது, அல்லது ஏற்றிய இடத்தில் நிற்காமல் இறங்குகிறது

ஆயில் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பதில் பாதி பதில் கிடைக்கும். நுரைத்திருந்தால் உறிஞ்சும் குழாயில் காற்று புகுகிறது: கிளிப்பை இறுக்குங்கள், ஆயில் அளவைப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர், பெரும்பாலும் டேங்கின் மூச்சுத்துளை மேல்நோக்கித் திறந்திருக்கும். காலையில் நன்றாக ஏறி, வெயில் ஏற ஏற மந்தமானால் பம்ப் தேய்ந்து சூட்டில் இளகிய ஆயிலை உள்ளேயே கசியவிடுகிறது.

இறங்கும் தளத்துக்கு, சிலிண்டரா வால்வா என்று பிரிக்க வேண்டும். காலித் தளத்தை முழுதாக ஏற்றி, கட்டாயம் இரும்புத் தாங்கி கொடுத்து, அழுத்தத்தை இறக்கிய பிறகு சிலிண்டரின் தண்டுப்பக்கக் குழாயைக் கழற்றி வாளியில் விடுங்கள். கழற்றிய வால்வு வாயை அடைத்துவிட்டு, ஏற்றும் நெம்பை மறுபடி அழுத்துங்கள். தண்டுப்பக்க வாயிலிருந்து ஆயில் ஒழுகிக்கொண்டே வந்தால் பிஸ்டன் சீல் போனது. ஒழுகவில்லை என்றால் வால்வைப் பாருங்கள். தாங்கி இல்லாமல் தளத்துக்குக் கீழே தலையை நீட்டக்கூடாது என்பதை எத்தனை தரம் எழுதினாலும் தகும்.

சீல் மாற்றி மாற்றி ஓயவில்லை என்றால் சிலிண்டர் தண்டை நகத்தால் தடவுங்கள். குரோம் பூச்சில் உப்பு கொத்திய குழிகள் நகத்தில் தட்டினால், அந்தத் தண்டு எந்தப் புது சீலையும் அறுக்கும். தண்டை மறுபூச்சுக்கு அனுப்ப வேண்டும். வண்டியை நிறுத்தி வைக்கும்போது தண்டு உள்ளே இழுத்த நிலையில் இருக்கும்படி பாருங்கள். பெரிய சிலிண்டர் மாற்றச் சொல்பவர்களை நம்பாதீர்கள்: 63 மில்லிமீட்டர் சிலிண்டர் ஒன்று 150 பார் அழுத்தத்தில் நாலரை டன்னுக்கு மேல் தள்ளும். ஏறாததற்குச் சிலிண்டர் அளவு காரணமாக இருப்பது அரிது, அது தள்ளும் கோணமும் துருப்பிடித்த நகர்வுத் தண்டவாளமும்தான் காரணம்.

பிரேக் கல்லாக இருக்கிறது, அல்லது ஒரு பக்கம் இழுக்கிறது

இஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பல தரம் மிதித்து விறைக்க வையுங்கள். மிதித்தபடியே இஞ்சினை ஓடவிட்டால் பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பிரேக்குக்கு உதவும் வேக்யூம் வரவில்லை: குழாய் வெடிப்பு, வேக்யூம் பம்ப், பூஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள். தளம் கட்டும்போது வெல்டிங் பொறி பட்டுக் குழாயில் விழுந்த ஊசித்துளையைக் கண்டுபிடிக்க ஒரு பொழுது போகும்.

ஒரு பக்கம் இழுத்தால் வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவில் ஒட்டியிருக்கும். கடல் நுனி வரை போய் வந்த வண்டியில் டிரம்முக்குள் மணலும் இருக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள், இந்தக் காற்றில் வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளைக் கழற்றிப் பார்க்காமல் எஃப்.சி.க்குப் போகாதீர்கள், குழாய் அழுகுவது கிளிப்புக்கு அடியில்தான்.

கார் ஏற்றினால் மட்டும் நிற்க நெடுந்தூரம் ஓடுகிறதா? மறுபடியும் எடைமேடைச் சீட்டுக்குப் போங்கள். முன்சக்கரத்தில் எடை இல்லையென்றால் முன் பிரேக்குக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை.

இஞ்சின் சூடேறுகிறது

எப்போது என்று கவனியுங்கள். ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டர் அல்லது தண்ணீர். நின்றுகொண்டு வின்ச்சும் பம்பும் ஓட்டும்போது மட்டும் சூடேறினால் ஃபேன் பெல்ட். ரேடியேட்டரின் மெல்லிய ஃபின் தகடுகளை விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தால் உப்புக்காற்று தின்றுவிட்டது, கழுவி ஆகப்போவதில்லை, புதுக் கோர் போட வேண்டும். உள்ளே வெள்ளைப் படிவு கட்டியிருந்தால் போர் தண்ணீர் ஊற்றிய கைங்கரியம். கூலன்ட்டோடு பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) சரிபாதி. வழியில் அவசரத்துக்கு வாங்கிய குடிநீர்க் கேன் பரவாயில்லை, சாலையோரப் போர் குழாய் கூடாது.

போகப் போகக் கார் தளத்தில் நகர்கிறது

கயிற்றைக் காரின் அடிச்சட்டத்திலோ இழுவை வளையத்திலோ கட்டியிருப்பீர்கள். பாலத்தின் இணைப்புகளில் வண்டி தட்டித் தட்டிப் போகும்போது காரின் சஸ்பென்ஷன் அமுங்கி எழும், அமுங்கும் ஒவ்வொரு தரமும் கட்டுத் தளரும். நாலு சக்கரத்தையும் டயரோடு சேர்த்து ராட்செட் பட்டையால் கட்டினால் கார் தன் ஸ்பிரிங்கில் ஆடிக்கொள்ளும், கட்டு அசையாது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, காரின் ஹேண்ட் பிரேக், கியர். கிளம்பி ஐந்தாறு கிலோமீட்டரில் நிறுத்தி ஒருதரம் இறுக்கிப் பாருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து வருபவர்கள் பாலம் ஏறுமுன் பாம்பனில் பார்த்துவிடுவது நல்லது, பாலத்தின் மேல் ஓரங்கட்ட இடம் கிடையாது. ராட்செட் இறுகிப் போயிருந்தால் கிரீஸ் தடவாதீர்கள், மணல் ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். பட்டை ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டாமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.